கலத்துக்குள் ஒரு மறைவறை

தமிழ்ப் பாடவேளையில் வந்த ஒரு கேள்விக்கு நான் விஞ்ஞானத்தில் பதில் தேடவேண்டி வந்தது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்கிக்கொண்டிருந்தேன். ‘கேள்விப்பட்டதை எல்லாம் நம்பலாமா’ என்பது அன்றைய தலைப்பு. பின்வாங்கில் இருக்கிற, அவ்வளவாக வாய் திறக்காத ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: “சேர், வைரசு தண்ணியில பெருகுமா?”

வகுப்பு சிரிச்சிச்சு. எனக்குச் சிரிப்பு வரல்ல. அவனுடைய வாப்பாட உம்மாவின் ஜனாஸாவை 2020 கடைசியில் எரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நல்லடக்கம் செய்தால் வைரசு நிலத்தடி நீரில் கலந்து பரவும் என்று அந்த நாட்களில் சொல்லப்பட்ட காரணத்தை அவன் பத்து வயதில் கேட்டிருப்பான். அதைத்தான் இத்தனை வருடம் மனதில் வைத்திருந்து கேட்கிறான்.

“நாளைக்குச் சொல்றன் மகன்” எண்டேன். அந்த நாளைக்கு வர ஆறு மாதம் பிடிச்சிச்சு.

நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவன். எங்கள் பாடசாலையின் உயிரியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “உயிருள்ள கலத்துக்கு வெளியில எந்த வைரசும் பெருகாது.” ஏன் என்றேன். “பெருகத் தேவையான சாமான் ஒண்டும் அதுட கையில இல்ல, எல்லாம் கலத்துக்குள்ளதான் இருக்கு.” சரி, கலத்துக்குள் போனால் எந்த இடத்தில் வைத்துப் பெருகுகிறது? இந்தக் கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசித்து, சில கட்டுரைகளையும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களையும் தேடித் தந்தார். அவற்றுக்குள் இறங்கிய பிறகுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. வைரசு கலத்துக்குள் போய்ச் சும்மா மிதந்துகொண்டு பெருகுவதில்லை. முதல் வேலையாகத் தனக்கு ஓர் அறை கட்டிக்கொள்கிறது. மற்ற வேலையெல்லாம் அந்த அறைக்குள்தான்.

தமிழ்நாட்டார் ‘செல்’ என்று எழுதுவதை நமது பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன. எனக்கு நம்முடைய சொல்தான் பிடித்தம். கலம் என்றால் பாத்திரம், கப்பல் என்றும் பொருள். ஒரு கலத்தை உள்ளே பார்த்தால் சரக்கும் ஆளும் நிறைந்த கப்பல் மாதிரியே இருக்கும். அதற்குள் மடிப்பு மடிப்பாக ஓடுகிற மென்சவ்வு ஒன்று உண்டு. உயர்தரப் பிள்ளைகள் அதை அகமுதலுருச் சிறுவலை என்று மனனம் செய்வார்கள். பெயர் பெரிது, பொருள் லேசு: கொழுப்பினால் ஆன மெல்லிய தோல், தட்டையான பைகளாகவும் குழாய்களாகவும் கலம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. வைரசு அறை கட்ட எடுக்கிற பலகை பெரும்பாலும் இதுதான்.

கொரோனா வைரசையே எடுத்துக்கொள்வோம். அதன் துகள் ஒன்று ஏறத்தாழ 100 நானோமீற்றர் அகலம். பத்தாயிரம் துகள்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். வெளியே கொழுப்புறை ஒன்று, அதில் முள்கள். உள்ளே சுமார் 30,000 எழுத்து நீளமான ஆர்.என்.ஏ இழை ஒன்று. அவ்வளவுதான் அதன் சொத்து. புரதம் செய்கிற இறைபோசோம் இல்லை, சக்தி எடுக்க இழைமணி இல்லை. எழுதி வைத்த சமையல் குறிப்பு ஒன்று, அடுப்புமில்லாமல் பானையுமில்லாமல் உறைக்குள் கிடக்கிற மாதிரி.

கலத்துக்குள் போனதும் உறை கழன்று இழை வெளியே வருகிறது. கலத்தின் இறைபோசோம்கள் அந்த இழையைத் தங்களுடைய குறிப்பு என்று நினைத்து வாசித்துப் புரதம் செய்து கொடுக்கின்றன. முதலில் வருவது ஒன்றாக ஒட்டிய நீண்ட புரதச் சங்கிலி. அது வெட்டப்பட்டு 16 துண்டுகளாகிறது. இந்தத் துண்டுகளில் பல, இழையைப் படியெடுக்கிற வேலையைச் செய்வன. மூன்றாம், நாலாம், ஆறாம் இலக்கத் துண்டுகளுக்கு வேறு தொழில். இவை தச்சர்கள்.

அறை எதற்கு? வந்த இடத்தில் வைத்தே படியெடுத்துவிட்டுப் போகலாமே? இந்த இடத்தில்தான் நான் கனநேரம் நின்றேன். காரணங்கள் ஒன்றுக்கொன்று பின்னியவை.

இறைபோசோம் இழையை ஒரு முனையில் தொடங்கி மறு முனை நோக்கி வாசித்துக்கொண்டு போகும். படியெடுக்கிற நொதியம் அதே இழையில் எதிர் முனையில் தொடங்கி இந்தப் பக்கம் வரும். எங்கள் ஊர்க் குறுக்கொழுங்கையில் இரண்டு முச்சக்கரவண்டி முகத்துக்கு முகம் வந்து நிற்பதுபோல, இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும். ஒருவருக்கும் போக வழியில்லை. ஆகவே வாசிக்கிற வேலை வெளியே, படியெடுக்கிற வேலை உள்ளே என்று பிரித்துவிட்டால் சண்டை இல்லை. அறைக்குள் இறைபோசோம் புகாது.

அடுத்தது காவல். இழையைப் படியெடுக்கும்போது பழைய இழையும் புதிய இழையும் சோடியாகச் சேர்ந்து நிற்கிற கட்டம் ஒன்று வரும். இப்படி நீளமான இரட்டை ஆர்.என்.ஏ ஆரோக்கியமான கலத்தில் சாதாரணமாக இருப்பதில்லை. அதைக் கண்டுபிடிக்கவென்றே கலத்தில் காவற் புரதங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்றைக் கண்டால் போதும், இன்ரபெரோன் என்ற எச்சரிக்கை வெளியாகி அக்கம்பக்கத்துக் கலங்களும் கதவைச் சாத்திக்கொள்ளும். வைரசுக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. ஆனால் இரட்டை இழை சுவருக்குள் இருந்தால் காவலாளி வாசலைக் கடந்து போவார், ஒன்றும் தெரியாது.

மூன்றாவது, சாமான் சிதறாமல் ஓரிடத்தில் கிடைப்பது. நொதியமும் இழையும் மூலப்பொருளும் கலம் முழுக்க அலைந்து திரிந்து சந்திப்பதைவிட சின்ன அறைக்குள் சட்டென்று சந்திக்கும். சமையலறை வைத்திருக்கிற எல்லாருக்கும் இது விளங்கும்.

சரி, கட்டுகிற விதம். காற்றில்லாத தட்டையான பலூன் ஒன்றைக் கையில் எடுங்கள். அதைக் கிண்ணம் மாதிரி வளையுங்கள். இன்னும் வளைத்து ஓரங்களை ஒன்றாகக் கொண்டுவந்து மூடினால் ஓர் உருண்டை வரும், அதற்குச் சுவர் இரண்டு. கொரோனா வைரசின் அறை அப்படிப்பட்ட இரட்டைச் சுவர் உருண்டை. மூன்றாம், நாலாம் புரதங்கள் சிறுவலையின் சவ்வில் ஏறி உட்கார்ந்து, எதிர்ச் சவ்வில் உள்ளதைக் கைகோத்துப் பிடித்து இழுத்து வளைக்கின்றன என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். வேறு ஒன்றுமில்லாமல் இந்த இரண்டு புரதத்தை மட்டும் கலத்தில் செய்யவைத்தாலே உருண்டைகள் தோன்றுவதைப் பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள். ஆறாம் புரதம் இந்த உருண்டைகளைச் சிறுவலையோடு இணைக்கிற ஒடுக்கமான பாலம் அமைக்கிறது. அந்தப் பாலத்தால் கொழுப்பு வரலாம், மற்றச் சாமான் வர முடியாது. இது 2022இல் வெளியான கண்டுபிடிப்பு. ஒவ்வோர் உருண்டையும் 200 முதல் 300 நானோமீற்றர் வரை. தொற்றிச் சில மணித்தியாலத்துக்குள் கலம் இவற்றால் நிரம்பத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு மர்மம் பன்னிரண்டு வருடம் இழுபட்டது. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 2008இல், முதலாவது சார்ஸ் வைரசு தொற்றிய கலங்களை மெல்லிய துண்டுகளாக வெட்டி, சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து முப்பரிமாணத்தில் பார்த்தார்கள். உருண்டைகள் தெளிவாகத் தெரிந்தன. உள்ளே இரட்டை இழையும் இருந்தது. வாசலை மட்டும் காணோம்! முழுக்க மூடிய அறைக்குள் செய்த படிகள் எப்படி வெளியே வரும்? வராவிட்டால் இறைபோசோம் எதை வாசிக்கும், புதுத் துகளுக்குள் எதை வைத்து அடைக்கும்? அறையென்று நாம் நினைப்பது பழைய இழைகளைக் கொட்டி வைக்கிற குப்பைக் கிடங்காகவும் இருக்கலாமே என்ற சந்தேகமும் இருந்தது.

குறை பார்க்கிற முறையில் இருந்திருக்கிறது. இரசாயனத்தில் ஊறவைத்து, பிசினில் பதித்து வெட்டும்போது நுண்ணிய உறுப்புகள் சிதைந்துபோகும். பிறகு கலத்தை ஒரு நொடிக்குள் உறையவைத்து, உறைந்தபடியே சீவிப் பார்க்கிற முறை வந்தது. 2020 ஓகஸ்ட் மாதம், உலகமே முகக்கவசத்தோடு இருந்த நேரம், அதே லெய்டன் குழுவினர் எலிகளைத் தாக்குகிற ஒரு கொரோனா வைரசில் வாசலைக் கண்டதாக அறிவித்தார்கள். இரண்டு சுவரையும் துளைத்துக்கொண்டு நிற்கிற துவாரம், ஆறு பக்கச் சமச்சீர் கொண்டது, நடுவில் ஓர் இழை நுழைந்து போகிற அளவு ஒடுங்கிய வழி. மூன்றாம் புரதம் அதன் முக்கிய பாகம். வெளிப்பக்கம் பார்க்க முடி மாதிரி இருக்கிறதாம். துகளின் முள்கள் ஒளிவட்டம் போலத் தோன்றியதால்தான் 1968இல் இந்த வைரசுக் குடும்பத்துக்கு முடி என்று பொருள்படும் கொரோனா என்ற பெயரே வந்தது. வாசலிலும் ஒரு முடி இருந்ததைக் காண இன்னும் 52 வருடம் போயிருக்கிறது.

எல்லா வைரசும் ஒரே வீட்டைக் கட்டுவதில்லை. நமக்கு மிக நெருங்கியது டெங்கு. அது உருண்டை கட்டாது, குழி தோண்டும். பிசைந்த ரொட்டி மாவில் பெருவிரலை வைத்து அமுக்கினால் குழி விழுமே, அப்படிச் சிறுவலையின் சவ்வை உட்பக்கமாக அமுக்கிச் சிறிய பைகளைச் செய்கிறது. ஒவ்வொரு பையும் சுமார் 90 நானோமீற்றர். வாய் சுருங்கி 11 நானோமீற்றர் அளவில் திறந்திருக்கும். ஜேர்மனியின் ஹைடல்பேர்க் ஆய்வாளர்கள் 2009இல் இதை முப்பரிமாணத்தில் காட்டினார்கள். பையின் வாய்க்கு நேரே புதுத் துகள் உருவாகிற இடத்தையும் கண்டார்கள். படியெடுத்த இழை வாயால் வெளியே வந்த கையோடு அடுத்த பக்கத்தில் உறை போட்டுக்கொள்கிறது, அச்சகத்துக்குப் பக்கத்திலேயே புத்தகம் கட்டுகிற கடை மாதிரி. நுளம்பின் கலத்துக்குள்ளும் டெங்கு இதே மாதிரிப் பைகளைத்தான் செய்கிறது. நம்முடைய உடம்பும் நுளம்பின் உடம்பும் அதற்கு ஒரே பலகைதான்.

விசர்நாய்க்கடி வைரசுக்குச் சவ்வே தேவையில்லை. இதில் ஒரு பழைய கதை உண்டு. 1903இல் இத்தாலியின் பாவியா நகரில் அடெல்கி நெக்ரி என்ற இளம் மருத்துவர், விசர் கண்டு செத்த விலங்குகளின் மூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்புக் கலங்களுக்குள் வட்ட வட்டமான பொட்டுகள். அவர் வேலை செய்தது கமிலோ கொல்கியின் ஆய்வுகூடத்தில், நம் பிள்ளைகள் கொல்கி உபகரணம் என்று படம் வரைகிறார்களே, அந்தக் கொல்கிதான். நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி உயிரையே கண்டுபிடித்துவிட்டேன் என்று நெக்ரி நினைத்தார். அது பிழை. ஆனால் அந்தப் பொட்டு இருந்தால் விசர்தான் என்று தீர்மானிக்க அது பல பதிற்றாண்டுகள் உதவியது. அது உண்மையில் என்ன என்று தெளிவாக நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2009இல் வைரசின் இழை அங்கேதான் படியெடுக்கப்படுகிறது என்று காட்டினார்கள். 2017இல் இன்னொன்றும் தெரிந்தது: நெக்ரிப் பொட்டு ஒரு திரவத் துளி. குழம்பின் மேல் மிதக்கிற எண்ணெய்ச் சொட்டு இரண்டு தொட்டவுடன் ஒன்றாவதைப் போல இவையும் ஒன்றாகும். சுவரில்லாமலே அறை! 1912இல், முப்பத்தைந்து வயதில் மௌத்தாகிப்போன நெக்ரி, தான் கண்டது ஓர் உயிரின் உடல் அல்ல, அதன் தொழிற்சாலை என்பதை அறியாமலே போய்விட்டார்.

பெரியம்மைக் குடும்பத்து வைரசுகள், பக்ரீறியாவைத் தாக்கும் சில இராட்சத வைரசுகள் எல்லாம் தனித்தனிக் கட்டடக் கலைஞர்கள். பக்ரீறியாவுக்குக் கருவே இல்லை, ஆனால் அந்த இராட்சத வைரசு அதற்குள் கரு மாதிரி ஒரு புரதக் கூடு கட்டித் தன் டி.என்.ஏயை அதற்குள் ஒளிக்கிறது. அதை எழுதப் போனால் தனிக் கட்டுரை வேண்டும்.

இந்த அறிவால் நோயாளிக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பது நியாயம். ஈரல் அழற்சி சீ வகைக்கு இன்று பன்னிரண்டு வாரம் குளிசை குடித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் முழுசாகக் குணமாகிறார்கள். அந்தக் கூட்டு மருந்துகளில் ஒன்றான டக்ளட்டஸ்விர், வைரசு புதிதாக அறை கட்டுவதைத் தடுக்கிறது என்று 2014இல் தெரியவந்தது. கட்டி முடிந்த அறையை அது இடிக்காது, அடுத்த அத்திவாரம் போட விடாது.

டெங்குக்கும் இந்த வழியில் ஒரு மருந்து எழும்பிவந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் அறிவித்த ஒரு சேர்மம், டெங்குவின் நான்கு வகைக்கும் எதிராக வேலை செய்தது. வைரசின் இரண்டு புரதங்களை ஒன்றோடொன்று சேரவிடாமல் அது தடுக்கிறது. அவை சேராவிட்டால் புதிய பை உருவாவதும் தடைப்படுகிறது என்று பிறகு காட்டினார்கள். அதன் உறவுச் சேர்மம் ஒன்று மனிதரில் பரிசோதிக்கப்பட்டு, டெங்கு உள்ள நாடுகளில் தடுப்பு மருந்தாகக் கொடுத்துப் பார்க்கும் கட்டம்வரை வந்தது. 2024 ஒக்டோபரில் அந்தக் கள ஆய்வை நிறுத்துவதாகக் கம்பனி அறிவித்தது. ஆய்வு முன்னுரிமைகளை மாற்றியமைக்கிறோம் என்பதே சொன்ன காரணம். 2017இல் மட்டும் நமது நாட்டில் 186,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு என்று பதிவானார்கள். அந்த வருடம் ஆஸ்பத்திரி விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தவர்களைக் கண்ட எனக்கு, அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கனநேரம் பேச்சு வரல்ல.

இனித் தண்ணீருக்கு வருவோம். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, மேலே எழுதியதையெல்லாம் பலூனும் ரொட்டி மாவும் வைத்தே சொன்னேன். பிறகு சொன்னேன்: தண்ணீரில் சிறுவலை இல்லை, இறைபோசோம் இல்லை, சக்தி இல்லை. அறை கட்டப் பலகையும் இல்லை, தச்சனைச் செய்து கொடுக்க ஆளும் இல்லை. ஆகவே எந்த வைரசும் தண்ணீரில் பெருகாது.

ஆனால் பெருகாது என்பதற்கும் கெட்டுப்போகாமல் இருக்கும் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. போலியோ, ஈரல் அழற்சி ஏ வகை வைரசுகளுக்குக் கொழுப்புறை கிடையாது. அவை கெட்டி. மலத்தோடு வந்து தண்ணீரில் நாட்கணக்கில் கிடந்து தொற்றும். அதனால்தான் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்கிறோம். கொரோனா வைரசுக்குக் கொழுப்புறை உண்டு, அது பலவீனம். சவர்க்காரம் போட்டால் கரைந்து போகிறது என்று நாம் கைகழுவியதும் அதற்காகத்தான்.

மையித்து விசயமும் இதேதான். மூச்சு நின்றால் கலங்களுக்குச் சக்தி வராது, இறைபோசோம் ஓயும், சவ்வுகள் கிழியும். வைரசு கட்டிய அறையும் கலத்தோடு சேர்ந்தே இடியும். புதுத் துகள் உண்டாக வழியில்லை. ஏற்கனவே உண்டான துகள்கள் கொஞ்சக் காலம் உடம்பில் இருக்கலாம் என்பதால், குளிப்பாட்டுகிறவர்களுக்குக் கட்டுப்பாடும் கையுறையும் வேண்டும் என்று சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நம்மவர்களில் சிலர் அன்று விளங்கிக்கொள்ளாமல் கோபப்பட்டதும் உண்மை. பைக்குள் வைத்து ஆழமாகத் தோண்டிய மண்ணுக்குள் அடக்கியதிலிருந்து வைரசு பெருகி ஊர்க் கிணற்றுக்குப் போகும் என்பது வேறு கதை. அதற்கு உயிரியலில் இடமில்லை.

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, “அப்ப அண்டைக்கு இது ஒருத்தருக்கும் தெரியாதா சேர்?” எண்டான்.

தெரியும் மகன் எண்டேன். உயிருள்ள கலத்துக்கு வெளியே வைரசு பெருகாது என்பது உயர்தரப் பிள்ளைகள் படிக்கிற பாடம். அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டல் வெளியிட்டது 2020 மார்ச் 24. எரிப்பது மட்டுமே என்ற வர்த்தமானி வந்தது ஏப்ரல் 11. அடக்க அனுமதிக்கலாம் என்று இலங்கை மருத்துவச் சங்கம் சொன்னது 2021 ஜனவரித் தொடக்கத்தில். வர்த்தமானி மாறியது பெப்ரவரி 25. ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது மார்ச் 5.

அவன் கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தில், அந்தத் திகதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். பிறகு அவற்றுக்கு நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில், நான் சொல்லாத இன்னொரு திகதியையும் எழுதினான்.